படிக்கும்போது செய்த வேலை பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் சேருமா? கனடாவில் இருக்கும் மகளுக்காக ஒரு கேள்வி

மஞ்சக்குப்பத்தார் (கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதிய கணக்கைச் சரிபார்த்தே பழகியவன் என்பதால், பொருந்தாத கூட்டல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு உறக்கம் வருவதில்லை. இப்போது அப்படி ஒரு கூட்டலை என் மகளுக்காகப் புதுச்சேரியில் உள்ள ஒரு கன்சல்டன்சி போட்டுக் கொடுத்திருக்கிறது.

மகள் புதுச்சேரியில் பி.டெக். முடித்துவிட்டு, 2019 ஜூலை முதல் 2022 ஜூலை வரை மூன்று ஆண்டுகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக வேலை பார்த்தாள். 2022 செப்டம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாண்டு டிப்ளமோவில் சேர்ந்தாள். முதல் இரண்டு பருவங்களில் ஒரு காபிக் கடையில் பகுதிநேரமாகக் கல்லாவில் நின்றாள். 2023 மே முதல் டிசம்பர் வரை, படிப்பின் ஓர் அங்கமான கோ-ஆப் பயிற்சியாக, ஒரு நிறுவனத்தில் வாரம் 37.5 மணி நேரம் சம்பளத்துடன் டெஸ்டர் வேலை செய்தாள். 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதே நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரம் தொடர்ந்தாள். கடைசிப் பருவத்தில் படிப்பு மட்டும்தான். கல்லூரியின் படிப்பு நிறைவுக் கடிதம் 2024 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. ஆகஸ்ட் 30 அன்று படிப்புக்குப் பிந்தைய ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தாள். செப்டம்பர் 3 முதல் அதே நிறுவனத்தில் முழுநேர ஊழியராக இருக்கிறாள்.

கன்சல்டன்சிக்காரர் சொல்வது இது. கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தைக் கொண்டு பி.ஆர். கேட்கும் கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க 1,560 மணி நேர வேலை போதுமாம். கோ-ஆப் 35 வாரம், வாரத்துக்கு 37.5 மணி என்றால் 1,312.5, அதன் பிறகு 16 வாரம், வாரத்துக்கு 20 மணி என்றால் 320, ஆகமொத்தம் 1,632.5 மணி. ஆகவே படிக்கும் காலத்திலேயே ஓராண்டு அனுபவம் நிறைந்துவிட்டது, 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை, விண்ணப்பதாரர்களைப் புள்ளிப்படி வரிசைப்படுத்தும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் உடனே புரொஃபைல் போட்டுவிடலாம் என்கிறார். மதிப்பெண் போதவில்லையென்றால் தனியாகப் பணம் கட்டினால், வேலை தருவதாக ஒரு நிறுவனம் உறுதி சொல்லும் வேலைக் கடிதம் ஒன்று ஏற்பாடு செய்வதாகவும், அதற்கு 50 புள்ளிகள் கூடும் என்றும் சொல்கிறார். மகளோ, உடன் படித்தவர்களில் பாதிப் பேர் கோ-ஆப் சேரும் என்றும் மீதிப் பேர் சேராது என்றும் சொல்வதாகக் குழம்பிப் போயிருக்கிறாள்.

கூட்டலில் பிழை இல்லை. ஆனால் இந்தத் தொகைகளைக் கூட்டலாமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அனுபவத்தில் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

லாஸ்பேட்டை மகள் (புதுச்சேரி, தற்போது மிசிசாகா) எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் துறையின் மொழியிலேயே சொல்வதானால், வரவில் வைக்கக் கூடாத தொகையை வரவில் வைத்துக் கூட்டியிருக்கிறார்கள். கனடிய அனுபவப் பிரிவின் விதியில், முழுநேர மாணவராக இருந்த காலத்தில் செய்த எந்த வேலையும் அனுபவக் கணக்கில் சேராது என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. கோ-ஆப் என்றாலும் சேராது. முழுச் சம்பளம் வாங்கி, வரி கட்டி, அதே மேசையில் அதே வேலையைச் செய்திருந்தாலும் சேராது. அங்கே பார்ப்பது வேலையின் தன்மையை அல்ல, அந்த நாளில் அவர் யாராக இருந்தார் என்பதைத்தான். 2023 டிசம்பரில் உங்கள் மகள் செய்த வேலையும் 2024 டிசம்பரில் செய்த வேலையும் ஒன்றாகவே இருக்கலாம். முதலாவது ஒரு மாணவி செய்தது, இரண்டாவது ஒரு ஊழியர் செய்தது. காபிக் கடை வேலைக்கு இந்தக் கேள்வியே எழாது. கனடாவின் தொழில் வகைப்பாட்டில் அது டியர் 5 என்ற கடைசிப் படியில் வருகிறது, இந்தப் பிரிவு 0 முதல் 3 வரையிலான படிகளை மட்டுமே ஏற்கிறது.

அந்தக் கூட்டலும் உங்களுக்குத் தோன்றுவதுபோல் சரியானதல்ல. 1,560 மணி என்பது வாரம் 30 மணி வீதம் 52 வாரம். ஒரு வாரத்தில் 30 மணிக்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் 30 மட்டுமே ஏறும். எனவே கோ-ஆப் காலத்துக்கு 35 வாரம் முப்பது மணி என்று 1,050, பகுதிநேரத்துக்கு 320, மொத்தம் 1,370 தான். அவர் சொல்லும் விதியை ஒப்புக்கொண்டாலும் அவர் சொல்லும் எண் வரவில்லை. கூடுதல் நேரம் உழைத்து ஓராண்டை ஒன்பது மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளை இங்கே நிறையவே பார்க்கிறேன். அந்த உழைப்புக்குச் சம்பளம் உண்டு, அனுபவக் கணக்கில் இடம் இல்லை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானே இந்தக் குழியில் விழுந்தவள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி வரிசையில் மேலே இருப்பவர்களை விண்ணப்பிக்க அழைப்பதைச் சுற்று என்பார்கள். 2021 பிப்ரவரி 13 அன்று நடந்த சுற்றை இங்குள்ள பழைய மாணவர்கள் மறக்க மாட்டார்கள். கொரோனா காலத்தில் வெளியிலிருந்து ஆள் வர முடியாததால், கனடாவுக்குள் இருந்தவர்களையே எடுக்கலாம் என்று, வெறும் 75 புள்ளிகள் வரை இறங்கி 27,332 பேரை ஒரே நாளில் அழைத்தார்கள். நான் அப்போது படிப்பை முடித்து எட்டு மாதம் வேலை பார்த்திருந்தேன். ஊரிலிருந்த ஓர் ஆலோசகர் சொன்னபடி கோ-ஆப் மாதங்களையும் சேர்த்து ஓராண்டு என்று புரொஃபைலில் காட்டியிருந்தேன், அழைப்பு வந்தது, வீட்டில் இனிப்பு வாங்கி அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அழைப்பு வந்தபின் 60 நாளுக்குள் முழு விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும், அனுப்பினேன். பல மாதம் கழித்து, முழுநேரப் படிப்புக் காலத்து வேலையைக் கழித்தால் ஓராண்டு நிறையவில்லை என்று எழுதி நிராகரித்துவிட்டார்கள். விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான். நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் மட்டும் திரும்பி வந்தது. அதைவிடப் பெரிய இழப்பு காலம். அந்தப் பதில் கைக்கு வந்தபோது எனக்கு ஓராண்டு உண்மையாகவே நிறைந்திருந்தது, ஆனால் 2021 செப்டம்பருக்குப் பிறகு கனடிய அனுபவப் பிரிவுக்குச் சுற்றே நடத்தாமல் நிறுத்திவிட்டார்கள். மறுபடி தொடங்கியது 2022 ஜூலையில். அப்போது வெட்டுப்புள்ளி, அதாவது அழைப்புக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி, 557. நான்கு மாதம் பொறுக்காமல் விட்டதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் விலை கொடுத்தேன்.

என் விஷயத்தில் ஒரு நல்லது நடந்தது. தனிப்பட்ட வரலாற்றுப் பகுதியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை படித்தேன் என்பதை மறைக்காமல் எழுதியிருந்தேன். அதனால் தகுதி போதவில்லை என்று மட்டும் சொன்னார்கள். படிப்புத் தேதியை மாற்றி எழுதியோ, கோ-ஆப் என்பதைச் சாதாரண வேலையாகக் காட்டியோ கொடுத்திருந்தால், அது தவறான தகவல் தந்த குற்றமாகி ஐந்தாண்டுக்கு எந்த விண்ணப்பமும் போட முடியாதபடி ஆகியிருக்கும். உங்கள் மகளுடைய கன்சல்டன்சி எந்தத் தேதிகளை எழுதியிருக்கிறது என்று முதலில் வாங்கிப் பாருங்கள். மாணவக் கால வேலையை மறைக்க வேண்டாம், வரலாற்றில் அது இருக்கட்டும். தகுதிக்கான அனுபவமாகக் கோர வேண்டாம்.

வேலைக் கடிதத்துக்கு 50 புள்ளி என்று அவர் சொல்வதும் பழைய கதை. 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் வேலைக் கடிதத்துக்கான புள்ளிகளையே நீக்கிவிட்டார்கள். இல்லாத புள்ளிக்குப் பணம் கேட்கிறவரிடம் மேற்கொண்டு பேசுவதற்கு முன், ஆலோசகர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியில் அவருக்குப் பதிவு எண் உண்டா என்று கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அந்தப் பதிவு வேண்டும். பெயரைப் போட்டால் இணையத்திலேயே யாரும் பார்க்கலாம்.

வில்லியனூர் வாசகர் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் அடிலெய்டில் ஐ.டி. முதுகலை படிக்கிறான். இரு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம் என்ற வரம்புக்குள், தன் துறையிலேயே பகுதிநேர வேலையும் கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்தாலே அனுபவமாக எடுத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் அவனுக்கு இது சேருமல்லவா?

நெய்வேலிக்காரன் (தற்போது மெல்பர்ன்) எழுதியது:

ஐயா, வாரம் 20 மணி என்பது உண்மைதான். ஆஸ்திரேலியப் புள்ளி முறையில் சம்பளத்துடன் கூடிய 20 மணி நேர வேலையை அனுபவமாகக் கருதுவார்கள், கடந்த பத்தாண்டுக்குள் ஓராண்டு உள்நாட்டு அனுபவம் இருந்தால் 5 புள்ளி, மூன்றாண்டுக்கு 10, ஐந்துக்கு 15, எட்டுக்கு 20. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதில்தான் சிக்கல். அங்கே கனடாவைப்போல மாணவர் என்ற ஒரே சொல்லால் கதவை மூடுவதில்லை. திறன் மதிப்பீடு செய்யும் அமைப்பு, ஐ.டி. துறைக்கு ஏ.சி.எஸ்., ஒருவர் தன் தொழிலில் திறன் பெற்றவர் ஆன தேதி இது என்று ஒரு தேதியைக் குறிப்பிடும். அதற்குப் பிந்தைய வேலைக்கே புள்ளி. படிப்பைக் கொண்டே அந்தத் தகுதியைக் காட்டப்போகும் பையனுக்குப் பட்டம் கைக்கு வருமுன் செய்த பகுதிநேர வேலையில் புள்ளி கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் கவனிக்க வேண்டியது வேறு. ஆஸ்திரேலியப் பட்டத்தோடு ஏ.சி.எஸ். மதிப்பீடு வாங்க, பட்டத்துக்குப் பின் துறைசார்ந்த ஓராண்டு வேலையோ புரொஃபஷனல் இயர் என்ற பயிற்சியோ வேண்டும். அந்தப் பயிற்சிக்குத் தனியாக 5 புள்ளியும் உண்டு. இப்போது பார்க்கும் பகுதிநேர வேலையால் பட்டத்துக்குப் பின் முழுநேர வேலை எளிதாகக் கிடைத்தால் அதுவே அதன் பயன். என் தங்கை மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அங்கும் கதை இதுதான். மாணவ ஊழியனாக எத்தனை ஆண்டு உழைத்தாலும், ஜெர்மன் பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு நிரந்தர அனுமதி தரும் அந்த இரண்டாண்டுக் கணக்கு, படிப்பு முடிந்து தொழில் அனுமதியில் வேலையில் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குகிறது.

மஞ்சக்குப்பத்தார் எழுதியது:

லாஸ்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு மிக்க நன்றி. வாரத்துக்கு 30 மணி என்ற வரம்பைக் கன்சல்டன்சிக்காரரிடம் கேட்டேன்; அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பதிவு எண்ணைக் கேட்டபோது, தங்கள் கனடாக் கிளையில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தப் பதில் எனக்குப் போதுமானது.

இன்னும் இரண்டு ஐயங்கள். சென்னையில் மகள் செய்த மூன்று ஆண்டு வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லையே, அது எதற்கும் பயன்படாதா? இரண்டாவது, வருகிற ஆவணியில் என் தம்பி மகளுக்குத் திருவந்திபுரத்தில் திருமணம். மகள் ஒன்றரை மாதம் விடுப்பு எடுத்து வருவதாக இருக்கிறாள். ஓராண்டு நிறையப்போகும் நேரத்தில் இந்த இடைவெளி கணக்கைப் பாதிக்குமா?

லாஸ்பேட்டை மகள் எழுதியது:

ஐயா, முதல் கேள்வியை நீங்களே கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். உங்கள் மகளுடைய கோப்பில் இன்றைய தேதிக்குப் பெறுமதியான தாள் அந்த மூன்று ஆண்டுதான்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது ஒரு வரிசை; அதற்குள் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. கனடிய அனுபவப் பிரிவு ஒரு வாசல். மற்றொன்று கூட்டாட்சித் திறன்பணியாளர் பிரிவு. அதற்குக் கடந்த பத்தாண்டுக்குள், ஒரே தொழிலில், இடைவெளி இல்லாமல் ஓராண்டு அனுபவம் வேண்டும். அது உலகத்தின் எந்த நாட்டிலும் இருக்கலாம். சுவையான செய்தி என்னவென்றால், இந்தப் பிரிவில் மாணவக் கால வேலைக்கு அடியோடு தடை இல்லை. சம்பளம் வாங்கிய வேலையாக, தொடர்ச்சியாக, மற்ற நிபந்தனைகளுக்குப் பொருந்துவதாக இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகளுடன் படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இருவருமே தாம் படித்த விதியை வைத்துச் சரியாகத்தான் பேசுகிறார்கள், விதிகள்தான் வேறு வேறு. ஆனால் உங்கள் மகளுக்கு அந்த வாதமே தேவையில்லை. 2019 முதல் 2022 வரை தொடர்ச்சியாக மூன்று ஆண்டு, முழுநேரம், மாணவி என்ற ஒட்டு இல்லாமல் இருக்கிறது. டெஸ்டர் வேலை 22222 என்ற எண்ணில் டியர் 2-இல் வருகிறது.

அந்தப் பிரிவுக்குள் நுழைய 100-க்கு 67 மதிப்பெண் வேண்டும்; இது தரவரிசைப் புள்ளியிலிருந்து வேறானது. ஆங்கிலத்தில் நான்கு திறனிலும், கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி.யில் 9 வாங்கினால் 24. பட்டத்துக்குக் குறைந்தது 21. மூன்றாண்டு அனுபவத்துக்கு 11. 35 வயதுக்குள் இருந்தால் 12. கனடாவில் இரண்டாண்டு முழுநேரம் படித்ததற்கு 5. ஆக 73. சி.எல்.பி. 7 மட்டும் வாங்கினால் மொழிக்கு 16 தான். மொத்தம் 65-இல் நின்றுவிடும். ஆகவே செப்டம்பருக்குக் காத்திருக்கும் மாதங்களில் அவள் செய்ய வேண்டியது மொழித் தேர்வு. கல்லூரியில் சேர எழுதியது ஐயெல்ட்ஸ் அகாடமிக் ஆக இருக்கும். அது இங்கே செல்லாது, ஜெனரல் டிரெயினிங் எழுத வேண்டும். எப்படியும் இரண்டாண்டுக்கு மேற்பட்ட மதிப்பெண் தாள் காலாவதியானது.

ஒரு உண்மையைச் சொல்லாமல் விடக் கூடாது. வாசலுக்குள் நுழைவது வேறு, அழைப்பு வருவது வேறு. 2024 ஏப்ரலுக்குப் பிறகு எல்லாப் பிரிவினருக்குமான பொதுச் சுற்று நடக்கவில்லை. திறன்பணியாளர் பிரிவில் மட்டும் இருப்பவருக்கு ஒரு மாகாண அரசு தரும் நியமனமோ ஏதாவது ஒரு சிறப்புப் பிரிவோ கைகொடுக்க வேண்டும். ஓராண்டு நிறைந்த பிறகு கனடிய அனுபவப் பிரிவும் சேர்ந்துகொண்டால் அவளுக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கும். சென்னை அனுபவமும் கனடா அனுபவமும் ஒன்றோடொன்று சேரும்போது தரவரிசையில் தனியாகவும் புள்ளி கிடைக்கும்.

சென்னை அனுபவத்துக்கான சான்று உங்கள் வேலை, ஐயா. நம் ஊர் நிறுவனங்கள் தரும் ரிலீவிங் லெட்டரில் பதவியும் தேதியும் மட்டுமே இருக்கும். கனடாக்காரர்கள் கேட்பது நிறுவனத்தின் தலைப்புத் தாளில், பதவி, தேதிகள், செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுச் சம்பளம், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும். பணிகள் பற்றிய பகுதிதான் உயிர். அரசு இணையதளத்தில் உள்ள வாசகத்தை அப்படியே பெயர்த்து ஒட்டாமல், அவள் உண்மையில் செய்ததை எழுதி வாங்க வேண்டும். ஹெச்.ஆர். பிரிவு அப்படித் தர மறுத்தால், அவளுடைய அப்போதைய மேலாளரிடம் நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் வாங்கி, ஏன் நிறுவனக் கடிதம் கிடைக்கவில்லை என்ற விளக்கத்தையும், சம்பளச் சீட்டு, படிவம் 16, பி.எஃப். பாஸ்புக், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் அறிக்கை ஆகியவற்றையும் உடன் வைக்கலாம். இதற்குத் தணிக்கைத் துறைக்காரரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

திருமண விடுப்பு பற்றி: கனடிய அனுபவப் பிரிவில் ஓராண்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, மூன்றாண்டுக்குள் சேர்ந்தால் போதும். எனவே விடுப்பால் ஏற்கெனவே சேர்ந்தது அழியாது. சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுப்பு போன்றவற்றை அனுபவத்துக்குள்ளேயே எண்ணுவார்கள். ஒன்றரை மாதத்தில் சம்பளமில்லாத நான்கு வாரம் வருமானால், அந்த நான்கு வாரத்தைக் கடைசியில் கூடுதலாக வேலை செய்து நிரப்ப வேண்டும். செப்டம்பர் 3 என்பது அக்டோபர் தொடக்கமாக நகரும், அவ்வளவுதான். ஆனால் அதைக் கணக்கில் கொள்ளாமல் செப்டம்பர் 3 அன்றே ஓராண்டு என்று எழுதிவிட்டால், என் கதை மறுபடி நடக்கும்.

முத்தியால்பேட்டை ஆசிரியர் எழுதியது:

நான் பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலூர் ஐயாவின் மகள் பள்ளியில் எந்த மொழி எடுத்தாள் என்று கேட்கலாமா? மதிப்பெண் வருமென்று பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்துவிட்டு, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோன பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களில் பலருக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

கனடாவில் 2023 முதல் பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென்று தனிச் சுற்று நடத்துகிறார்கள். 2025 பிப்ரவரி 5 அன்று கனடிய அனுபவப் பிரிவுக்கான சுற்றில் வெட்டுப்புள்ளி 521. மார்ச் 21 அன்று பிரெஞ்சுச் சுற்றில் 379, அழைக்கப்பட்டவர்கள் 7,500 பேர். இடைவெளியைப் பாருங்கள். மாணவக் கால வேலையில் நாலு மாதத்தைச் சேர்க்கலாமா, கூடாதா என்று மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவு பெரிய வேறுபாடு! கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் என்.சி.எல்.சி. என்ற பிரெஞ்சு மொழித்திறன் அளவுகோலில் 7 வேண்டும். அதோடு ஆங்கிலமும் ஓரளவு இருந்தால், அதாவது சி.எல்.பி. 5 இருந்தால், தரவரிசையில் 50 புள்ளி கூடுதலாகச் சேரும். மகள் திறன்பணியாளர் பிரிவில் தகுதி பெற்றுவிட்டால் இந்தச் சுற்றுக்கு ஓராண்டுக் கனடிய அனுபவம்கூட வேண்டியதில்லை.

ஆனால் ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது. என்.சி.எல்.சி. 7 என்பது ஐரோப்பியக் கணக்கில் ஏறக்குறைய பி2 நிலை. பிளஸ் டூ பிரெஞ்சில் நூற்றுக்கு நூறு வாங்கியவரும் பேச்சில் தொடக்க நிலையான ஏ2-ஐத் தாண்ட மாட்டார். வேலைக்குப் போய்க்கொண்டே அந்த உயரத்துக்கு ஏற ஓராண்டு, ஒன்றரையாண்டு உழைப்பு வேண்டும். பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இயங்கும் ஊர் புதுச்சேரி. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள். அவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: கனடா டெல்ஃப்பை ஏற்பதில்லை. டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா என்ற தேர்வை எழுதியாக வேண்டும், அதன் மதிப்பும் இரண்டாண்டுதான்.

மஞ்சக்குப்பத்தார் எழுதியது:

ஆசிரியர் ஐயா, நீங்கள் சொன்ன அதே கதைதான். பிளஸ் டூவில் பிரெஞ்சில் 200-க்கு 196 வாங்கினாள். இப்போது வணக்கம் சொல்வதற்கே யோசிக்கிறாள். இருந்தாலும் மாலை வகுப்பு ஒன்றில் சேர்வதாகச் சொல்லியிருக்கிறாள். ஒர்க் பெர்மிட் மூன்றாண்டுக்குக் கிடைத்திருப்பதால் 2027 வரை காலம் இருக்கிறது.

கன்சல்டன்சியிடம் கோப்பைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டேன். அவர்கள் நிரப்பியிருந்த படிவத்தில் கோ-ஆப் என்ற சொல்லே இல்லை. கல்லூரிப் படிப்பு 2023 ஏப்ரலில் முடிந்ததாக எழுதியிருந்தார்கள். மகள் கையெழுத்திடுமுன் இங்கே கேட்டது நல்லதாயிற்று.

சென்னை நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவு, நீங்கள் சொன்னபடியே, பதவியும் தேதியும் மட்டும் உள்ள கடிதத்தைத்தான் தர முடியும் என்றது. அவளுடைய பழைய மேலாளர் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார். பிரமாணப் பத்திரம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை சென்னை போகிறேன். 36 மாதச் சம்பளச் சீட்டில் 2020 மே மாதத்துச் சீட்டு ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. அந்த மாதத்துக்கு வங்கி அறிக்கையில் வரவு இருக்கிறது, அதில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

திருமணத்துக்கு ஒன்றரை மாதம் வேண்டாம், சம்பளத்துடன் கூடிய பத்து நாள் விடுப்பில் முகூர்த்தத்துக்கு வந்து திரும்பிவிடுவதாக மகள் சொல்லிவிட்டாள். அவள் அம்மாவுக்குத்தான் வருத்தம். அந்த விடுப்பு அனுமதிக் கடிதத்தின் நகலையும் கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.